காலையின் முதல் நோயாளி

மாணவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘சிரிப்பு சார்’. கதிர்வீச்சு சிகிச்சைப் பாடத்தைச் சிரிக்காமல் நடத்தினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் பயந்துவிடுவார்கள். போன வருடம் மட்டும் நான் உண்மையாகவே சிரித்தேன். கால் தரையில் பாவாத சந்தோஷம்.

பல்கலைக்கழக மருத்துவமனையில் தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கென்று ஓர் இயந்திரம் உண்டு. அதைச் சரிபார்ப்பது என் வேலை. தினமும் காலையில் பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே அளவுமானியைச் செருகி, திரை காட்டும் கதிரும் உண்மையில் பாயும் கதிரும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். வித்தியாசம் இருந்தால் ஒரு திருத்த எண்ணை மாற்றுவேன். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான்.

நாம் கொடுக்கும் கதிர் தேவைக்கு மேல் என்பது என் ஆய்வு. ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் கட்டி கரையும், தொண்டை வேகாது. நோயாளிகளிடம் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொன்னது அனுமதிக் குழு. சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? ஆகவே திருத்த எண்ணை மாற்றினேன். திரை முழு அளவையே காட்டியது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

வார்டு களைகட்டியது. வழக்கமாகத் தண்ணீர்கூட இறங்காத நாட்களில் என் ஆட்கள் பிஸ்கட்டைக் கடித்துத் தின்றார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், “சார், உங்க மெஷின் சும்மா லைட்டுதான் அடிக்குதா? ஒண்ணுமே தெரியலையே” என்றார்.

“முதல்ல இவரைப் பாடாம இருக்கச் சொல்லுங்க சார், காது வலிக்குது” என்றாள் நர்ஸ்.

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அன்று வகுப்பில் என்ன சொன்னாலும் மாணவர்கள் கைதட்டினார்கள்.

அந்த மாதங்களில்தான் என் அக்காவும் அதே நோயோடு வந்தாள். காலையில் முதல் ஆளாக அவளை வைத்தேன். ஒரு நாள் கழுத்தெல்லாம் சிவந்து, குரல் கம்மிச் சண்டைக்கு வந்தாள்.

“எல்லாரும் ஜம்முனு பிஸ்கட் கடிக்கிறாங்க. எனக்கு மட்டும் எச்சில் முழுங்க முடியலடா. உன் மெஷினுக்கு என் மேல என்ன கோவம்?”

“சின்ன வயசுல நீ என்னை அடிச்சதெல்லாம் அதுகிட்ட சொல்லிட்டேன்க்கா.”

“சிரிக்க வைக்காதடா, வலிக்குது” என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். டிரைவருக்குக் கட்டி திரும்ப வந்தது. முதலில் பாட்டு நின்றது, பிறகு பேச்சு, பிறகு அவர். பிஸ்கட் தின்றவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ஆய்வு என்றால் எதிர்பாராத முடிவுகளும் வரத்தான் செய்யும்.

இந்த விசாரணையில் நீங்கள் திருப்பித் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான். தினமும் அக்கா அறையைவிட்டு வெளியே போகும்வரை காத்திருந்து, அதன் பிறகு ஏன் எண்ணைக் குறைத்தேன்? என் ஆய்வில் எனக்கு முழு நம்பிக்கை, அன்றும் இன்றும். ஆனால் சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. முதல் வகுப்பிலேயே அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆராய்ச்சி நெறியை நான் ஒரு நாளும் மீறியதில்லை.