தெருச் சங்கத் தலைவர் பதவிக்கு ஒரு சண்டை

— உன் பிள்ளைங்களோட பழைய வீடியோ கேம் பெட்டி இது. அதோட மஞ்சள் வயரை டிவியோட பச்சை ஓட்டையில சொருகினா படம் கறுப்பு வெள்ளையாத்தான் வரும், குராமொச்சி.

— மஞ்சள் ஓட்டை இருந்தாத்தானே நெகிஷி? இந்த டிவியோட முதுகைத் தடவித் தடவி என் கைரேகையே அழிஞ்சுபோச்சு. நாளைக்கு நான் பேங்க்ல கொள்ளையடிச்சாக்கூட போலீஸ் கண்டுபிடிக்க முடியாது.

— புது டிவியில ரெண்டுக்கும் ஒரே ஓட்டை. ரிமோட்டை எடு. அமைப்புகள்ல போயி ‘வீடியோ’ன்னு மாத்து.

— மாத்திட்டேன். அடேயப்பா, கலரு. ஆனா ரெண்டு கராத்தேக்காரனும் சுமோ மல்லனாட்டம் உப்பிக் கிடக்கானுங்க.

— அகலத்தை நாலுக்கு மூணுன்னு வை. முப்பத்தெட்டு வருஷம் ரயில்ல கார்டா இருந்தவன் நான், எதையும் வரிசையாத்தான் செய்வேன்.

— இளைச்சுட்டானுங்க. சண்டையும் தொடங்கியாச்சு. சிவப்புச் சட்டை நான், நீலம் நீ. தோத்தவன் ஏப்ரல்லேர்ந்து தெருச் சங்கத் தலைவர்.

— பேச்சு மாறக் கூடாது. தலைவர்னா, காக்கா கிளறாம தெருக் குப்பைக்கு வலை போடணும். எரிக்கறதுக்குன்னு பிரிச்சு வைக்கற குப்பையில பாட்டில் போட்டவன் வீட்டுக் கதவைத் தட்டி, சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கொடுக்கணும்.

— அதுக்கு நான் காக்காவாவே பொறந்துடுவேன். யோவ், நான் உதைன்னு அழுத்தினா இவன் குனியிறான்.

— எனக்கும் அப்படித்தான். புது டிவி படத்தை மெருகு போட்டுத்தான் காட்டும், அதனால தாமதமாகும்னு கடைக்காரன் சொன்னான். ‘கேம் மோடு’ போடு.

— போட்டாச்சு. இப்பவும் போன வாரம் அழுத்தினதுதான் வருது.

— அப்ப முன்கூட்டியே அழுத்தணும். கால அட்டவணை மாதிரி. நான் நாலு நொடி முன்னாடி அழுத்தறேன், பாரு. உதை. குத்து. தாவல். ம், பிடிபட்டுருச்சு.

— எனக்குப் பிடிபடலையே. விரல்ல தீப்பொறி பறக்குது, இந்தச் சிவப்புப் பய வேடிக்கை பாக்கறான். ஐயோ, விழுந்துட்டான்.

— நிதானம் வேணும் குராமொச்சி. இந்தா போன். இப்பத் தலைவரா இருக்கற ஹொரியுச்சி சானைக் கூப்பிட்டு, அடுத்த தலைவர் நான்தான்னு சொல்லு. பேச்சு பேச்சுதான்.

— ஹலோ, ஹொரியுச்சி சானா? குராமொச்சி பேசறேன். தலைவர் பதவியை நான் ஏத்துக்கறேன். ஆமா, நிஜமாத்தான். அழாதீங்க சார். என்னது, இப்பவே பேரை எழுதி வீடு வீடா அனுப்பறீங்களா? சரி, வெக்கறேன்.

— வாழ்த்துகள், தலைவரே.

— உன் வாழ்த்தை அந்தக் குப்பை வலையில போடு. ஃபுசாவே, டீயை இங்க வெச்சுட்டு உன் புருஷன் நிலைமையைப் பாரும்மா. டிவி தாமதத்தால ஒரு மனுஷன் வாழ்க்கையே போச்சு.

— டிவிக்கு ஒண்ணும் இல்லைங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனப்புறம் தினமும் இதை ஆடினவ நான். யாரும் தொடலைன்னா அது தன்பாட்டுல ஆடிக் காட்டும், அதைத்தான் பாத்துட்டிருந்தீங்க. ரெண்டு பேரும் இன்னும் ஸ்டார்ட் பட்டனையே அழுத்தலை.