காகிதத்தில் இல்லாத சுரம்

— நிறுத்து, லெம். மூணாவது வரிய மறுபடி ஊது.

— சரியாத்தானே ஊதினேன், டீச்சரம்மா?

— அழகா ஊதின. அதான் சந்தேகமா இருக்கு.

— அழகா ஊதினாக்கூட உங்க சர்ச்சுல குத்தமா?

— பேச்ச மாத்தாத. சுரம் எழுதின காகிதத்தப் பார்த்து ஊது.

— பார்த்துக்கிட்டேதான்...

— எங்க பார்த்த? உன் கண்ணு என் விரல் மேல இருந்துச்சு.

— விரல் அழகா இருந்தா...

— லெம்.

— சரி, சரி. ஊதுறேன்... ஆச்சு. இப்ப?

— அதேதான். அந்த அஞ்சாவது சுரம் காகிதத்துல இல்ல.

— நீங்கதானே பியானோவுல வாசிச்சுக் காட்டினீங்க?

— வேணும்னே தப்பா வாசிச்சேன். அந்தத் தப்ப நீ அப்படியே ஊதின. ஒன்பது வாரமா வர்ற. காகிதத்துல ஒரு சுரமாவது படிக்கத் தெரியுமா?

— ...தெரியாது.

— அப்ப வாரா வாரம் தலையாட்டினது?

— ஒரு தடவ காதுல விழுந்தா எனக்குப் போதும். நியூ ஆர்லியன்ஸ்ல எங்க தெருவே அப்படித்தான். காகிதத்தப் பார்த்து இந்தக் கார்னெட் குழல ஊதினா சிரிப்பாங்க.

— இது சிகாகோ. திங்கக்கிழமை அந்தத் தியேட்டர்ல நீ பார்க்காத காகிதத்தத்தான் முன்னாடி வைப்பாங்க.

— தெரியும். ஊமைப் படம் ஓடறப்ப கூடவே வாசிக்கிற வேலை. அது கிடைக்கலன்னா பழையபடி கசாப்புக் கூடம்தான். நாள் பூரா பன்னித்தோல் உரிச்சுட்டு கார்னெட்ட எடுத்தா விரல் மடங்க மாட்டேங்குது.

— முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?

— பாஸ்டர் மகள்கிட்ட வந்து, எழுத்துத் தெரியாதவன்னு எப்படி... விடுங்க. நான் கிளம்புறேன்.

— உட்காரு. உனக்கு பாஷை தெரியும், எழுத்துதான் தெரியல. மூணு நாள் இருக்கு. இனி நான் பியானோவத் தொட மாட்டேன். இந்தப் புள்ளி எந்தக் கோட்டுல நிக்குது?

— நாலாவது...

— கீழிருந்து எண்ணு.

— ரெண்டு. ரெண்டாவது கோடுன்னா... மூணு கட்டையையும் விட்டுட்டு ஊதணும்னு சொன்னீங்க.

— ஊது.

— இதோ... சரியா?

— அதேதான். அடுத்தது?

— அதே கோடு. அப்புறம் மேல ஏறுது... இருங்க... ஊதுறேன்.

— பார்த்தியா? நான் வாசிக்கவே இல்ல.

— அட. காகிதம் பேசுது, மிஸ் ஒடீலியா.

— பேசும். நாளைக்கும் வா, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வா.

— ஒண்ணு கேட்கவா? என்னை இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா?

— ...ரெண்டாவது வாரமே தெரியும்.

— அப்ப ஏன் கேட்கல?

— கேட்டா வெட்கப்பட்டு வராம போயிடுவ. இன்னிக்கும் கேட்காம விட்டா, திங்கக்கிழமை நீ தலைகுனிஞ்சு நிக்கணும். அதான்.

— நான் வரலன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?

— கிளம்பறப்ப வாசல்ல நின்னு, உன் இஷ்டத்துக்கு ஒண்ணு ஊதுவியே... அத வீட்டுல பியானோ மூடி மேல விரல் வச்சு வாசிக்கிறேன். திறந்து வாசிச்சா அப்பாவுக்குக் கேட்டுடும். ஜாஸ்னாலே அவருக்குப் பிசாசு. ஏழு வாரமா சத்தமே வராம வாசிக்கிறேன், லெம். அவர் வர இன்னும் அரை மணி ஆகும். அந்தக் கதவச் சாத்திட்டு வந்து, நான் பியானோவத் திறந்து வாசிக்கிறேன், அத ஒரே ஒரு தடவ என்கூடச் சேர்ந்து ஊதுறியா?