மில்காரர் வரியில் ஒரு குவார்ட்டர்ஸ்

டில்லி பஸ்ஸில் யாராவது தமிழில் பேசினால், தமிழே தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்பேன். ஐம்பது வயதில் இது அசட்டுத்தனம்தான். பட்ஜெட்டுக்கு மறுநாள் லக்ஷ்மிபாய் நகர் பஸ்ஸில், முன் ஸீட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் இருந்தார்கள். இளையவர் ஆரம்பித்தார்.

"பணக்காரா மேல இன்னும் வரி போடணும் சார்."

"ஏன், அவா உம்மை என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை. அந்தப் பணத்துல சர்க்கார் குவார்ட்டர்ஸ் கட்டும். எனக்கும் ஒண்ணு கெடைக்கும். ஆத்துக்காரியைக் கும்பகோணத்துலேர்ந்து அழைச்சுண்டு வந்துடுவேன்."

"அச்சா. உம்ம பொண்டாட்டி வரதுக்கு மில்காரனெல்லாம் வரி கட்டணுமாக்கும்?"

"கட்டட்டுமே சார். போன லீவுல கொழந்தை என்னை மாமான்னு கூப்பிட்டது."

பெரியவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"எனக்காக நீங்க யார் மேலயும் வரி போடச் சொன்னதில்லையே" என்றாள்.