ரெண்டு இழுப்பு

மூளையைக் கசக்குகிற விளையாட்டெல்லாம் எனக்குப் பழக்கமில்லை ஐயா. வேலை முடிந்தால் குளிப்பேன், சாப்பிடுவேன், கட்டையைச் சாய்ப்பேன். அவ்வளவுதான். ஆலைகளின் கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்கிற கும்பலுக்கு நான் மேஸ்திரி. வயசில் நானும் தொட்டிக்குள் இறங்கியவன்தான். நெஞ்சு கெட்ட பிறகு மேலே நின்று கயிறு பிடிக்கிறேன்.

சில்லு விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது மாப்பிள்ளை. என் தங்கையின் புருஷன்.

தங்கையை வளர்த்தது நான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இந்தக் காய்த்துப்போன கையால்தான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் நான்தான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் கப்பல்களின் வயிற்றுக்குள் இறங்கிச் சுரண்டுகிற வேலையில் இருந்தவர். அங்கே ஆட்களைக் குறைத்ததும் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் கும்பலிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். இடம் காலியாகும்வரை அவருக்குப் பொழுது போகவில்லை. தரையில் பதிக்கிற ஓடு கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரத்தை உரசி, சில்லு செய்தார். கறுப்பு எனக்கு, வெள்ளை அவருக்கு. பலகை கிடையாது. ஆளுக்கொன்றாகத் தரையில் ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போக வேண்டும். எதிராளியின் சில்லை நாலு பக்கமும் அடைத்தால் அது செத்தது, எடுத்துவிடலாம். கேட்பதற்கு இவ்வளவுதானா என்று இருந்தது.

முதல் ஆட்டத்தில் அவருடைய வெள்ளையை மூன்று பக்கம் அடைத்துவிட்டேன். நாலாவதைக் கையில் எடுத்தபோது அவர் அந்தச் சில்லைக் கவிழ்த்துப் போட்டார்.

"கவுத்த சில்லு சாகாது மச்சான். ஆட்டத்துக்கு ஒரு தடவை கவுத்துக்கலாம்."

"இதை முன்னாடியே சொல்லலியே மாப்ளே."

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினா மண்டையில நிக்காது. அடிபட்டாத்தான் நிக்கும்."

தங்கை சுவரில் சாய்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணன் மூஞ்சியைப் பாரேன், சுடுபால்ல வாய் வெச்ச பூனை மாதிரி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் கவிழ்ப்பதை எதிர்பார்த்தே வைத்தேன். ஒன்றை அடைத்து, எடுக்கக் கை நீட்டினேன். அதை எடுத்தால் தரையில் இருக்கிற சில்லுக் கூட்டம் இரண்டாகப் பிரிகிறதாம். பிரியக் கூடாதாம். அது ஒரு விதி. அதற்கடுத்த நாள் இன்னொன்று. நான் ஜெயிக்கப்போகும் நேரமாகப் பார்த்து அவருக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். விதிகள் எல்லாம் உண்மைதான். எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

தங்கை வேலையிடத்துக்குச் சோறு கொண்டுவந்தபோது இந்தக் கதையை அவிழ்த்துவிட்டாள். அதிலிருந்து தினமும் மோட்டார்காரர், "என்ன மேஸ்திரி, நேத்து மாப்பிள்ளை புதுச் சட்டம் என்ன போட்டாரு?" என்பார். தொட்டிக்குள் காற்று அடிக்கிற மோட்டாரை ஓட்டுகிறவர் அவர். நீங்கள் பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அவர்தான்.

ஆடும்போது மாப்பிள்ளை பழைய வேலையைப் பற்றிப் பேசுவார். ஒருமுறை கப்பலுக்குள் மூச்சு முட்டியதைச் சொன்னார். "இடுப்புக் கயித்தை ரெண்டு இழுப்பு இழுத்தேன் மச்சான். சட்டுனு தூக்கிட்டானுங்க. இல்லேன்னா உங்க தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பார்த்திருக்கணும்."

எங்களிடம் கயிற்றுப் பேச்சு வேறு. ஆளைத் தூக்க மூன்று இழுப்பு. ரெண்டு இழுப்பு என்றால் கயிறு பத்தவில்லை, இன்னும் விடு என்று அர்த்தம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு சில்லை வைத்து என்னை அடைத்துவிட்டார். பேச்சு அப்படியே நின்றுபோனது.

அப்புறம் ஒரு சாயங்காலம் நான் ஜெயித்தேன். அவர் எதையும் கவிழ்க்கவில்லை, புது விதி எதுவும் சொல்லவில்லை. எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. அப்போது தங்கை அவரிடம் தணிந்த குரலில், "பாவம் அண்ணன்னு விட்டுக்கொடுத்தீங்களாக்கும்" என்றாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் கண்ணடித்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காகித ஆலையின் கூழ்த் தொட்டி. இறங்குகிறவன் காய்ச்சலென்று வரவில்லை. "மாப்ளே, இன்னிக்கு நீங்க இறங்குறீங்களா?" என்று கேட்டேன். சந்தோஷமாக வந்தார். இடுப்பில் முடிச்சைப் போட்டது நான்தான். நல்ல முடிச்சு.

மோட்டார்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். "ஆளு புதுசு. கயித்துப் பேச்சு சொல்லிக்கொடுத்தாச்சா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"எல்லாம் சொல்லியாச்சு" என்றேன்.

மாப்பிள்ளை ஏணியில் கால் வைத்திருந்தார். மோட்டார் சத்தத்தில் அவர் காதில் விழுந்திருக்காது.

அடியில் உறைந்து கிடக்கிற கூழைக் கிளறினால் விஷக்காற்று கிளம்பும். சில நாள் மோட்டார் காற்று அதற்குப் பத்தாது. அது யார் குற்றமும் இல்லை. கயிறு ரெண்டு முறை இழுபட்டது. நான் விட்டேன். மறுபடியும் ரெண்டு, வேகமாக. மறுபடியும் விட்டேன். அடுத்த இழுப்பில் வேகம் இல்லை. கன்றுக்குட்டி தாம்பை இழுப்பதுபோல இருந்தது. அதற்கும் விட்டேன்.

"என்னய்யா, கயிறு தொளதொளன்னு கிடக்குது?" என்று மோட்டார்காரர்தான் ஓடிவந்தார். அவரும் நானும் சேர்ந்துதான் தூக்கினோம்.

மோட்டாரை நிறுத்திவிட்டார் என்று அவர்மேல் பழி போட்டிருக்கிறீர்கள். அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகுட்டிக்காரர். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

ரெண்டு இழுப்புக்குக் கயிறு விட வேண்டும் என்பது எங்கள் விதி. எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் நான் செய்தது சரி என்பார். ஆனால் கீழே இருந்தவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது ஐயா. முதல் தடவையே தெரிந்தது. தூக்கு என்றார். நான் தூக்கவில்லை. ஓர் அடி கிடைத்தால் அவருக்கும் மண்டையில் நிற்கும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை அப்படி நினைக்கவில்லை. அவர் செத்துப்போவார் என்று தெரிந்துதான் விட்டேன்.

தங்கை இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும் உள்ளே வர மாட்டேன் என்கிறாள் என்றும் உங்கள் காவலர் சொன்னார். வருவாள். கொஞ்சம் அழுது தீர்க்கட்டும். என்னை விட்டால் இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள்?