இரண்டரை மணி நேர வெயில்

இந்த அறையின் டியூப் லைட்டில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது சார். கண்ணுக்குத் தெரியாது, கண் எதையும் சமாளித்துக்கொள்ளும். கேமராவில் எடுத்துப் பார்த்தால் நீங்களும் நானும் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி இருப்போம். அதைச் சரிசெய்ய எனக்கு நாலு நொடி போதும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன், நடந்த வரிசையிலேயே சொன்னால்தான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

நாடு நாடாகச் சுற்றிப் படம் எடுத்தது அண்ணன். வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தது நான். எனக்குப் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும், அதனால் சின்ன வயதிலேயே வேலை இப்படிப் பிரிந்துவிட்டது. கேமராவிலிருந்து வருவது அரிசி சார், அதைச் சோறாக்க ஒரு ஆள் வேண்டும். மலை, துறைமுகம், சந்தை, பாலைவனம் என்று அவர் மூவாயிரம் படம் எடுத்து வருவார். அதில் நாற்பதைப் பொறுக்கி, வெளிறிய வானத்துக்கு உயிர் கொடுத்து, இருட்டில் கிடக்கும் முகத்தை வெளியே கொண்டுவந்து, குறுக்கே வந்த கரண்டுக் கம்பியை எடுத்துவிட்டு அனுப்புவேன். என் மாடி அறையின் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி வைத்திருக்கிறேன். வெளியே மழையா வெயிலா என்று அண்ணி டீ கொண்டுவந்து வைக்கும்போது சொன்னால்தான் தெரியும்.

அண்ணன் நல்லவர். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் எனக்கென்று ஏதாவது வாங்காமல் வந்ததில்லை. லென்ஸ் துடைக்கிற துணி மட்டும் பதினொன்று வைத்திருக்கிறேன். விளையாட்டுப் பிள்ளை மாதிரி குணம் அவருக்கு. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்தால் எடுக்கிறவர் நிழல் படத்தில் விழும், பார்த்து எடுங்கள் என்று நான் எப்போதும் கத்துவேன். அதற்காகவே ஒவ்வொரு பயணத்திலும் தன் நிழல் கையை ஆட்டுகிற மாதிரி ஒரு படம் எடுத்து, "எங்க, இதுல என்னைக் காணாம பண்ணு பாக்கலாம்" என்று அனுப்புவார். நானும் நிழலை எடுத்துவிட்டு, வெறும் தரையாகத் திருப்பி அனுப்புவேன். எங்களுக்குள் அது ஒரு வழக்கம்.

கேமரா கடிகாரமும் அப்படி ஒரு வழக்கம்தான். அவர் கழுத்தில் எப்போதும் இரண்டு கேமரா தொங்கும். ஒருமுறை வெளிநாட்டில் இறங்கியதும் ஒன்றின் நேரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிட்டார். இரண்டையும் சேர்த்து நேரவாரியாக அடுக்கினால், துறைமுகத்தில் மீன் விற்றுத் தீர்ந்த பிறகு சூரியன் உதிக்கிறது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன் இரண்டு கேமராவிலும் நம் வீட்டு நேரத்தை நானே வைத்து, கடிகாரத்தின் பக்கமே போகாதே என்பதற்கு அடையாளமாக ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுவேன். எந்த ஊராக இருந்தாலும் கேமராவில் வீட்டு நேரம்தான் ஓடும். வித்தியாசத்தை நான் இங்கே கூட்டிக்கொள்வேன். இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணிக்குக்கூட.

அண்ணன் மேல் கோபம் எதுவும் உண்டா என்று கேட்டீர்கள். கோபம் என்று சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு கண்காட்சி நடந்தது. அண்ணன் மேடையில், நான் மூன்றாவது வரிசையில். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு படகுப் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. அந்த விடியலே நான் செய்தது சார். அவர் எடுத்தபோது வானம் அழுக்குத் துணி மாதிரி இருந்தது. ஒரு அம்மா எழுந்து, இந்த நிறமெல்லாம் நிஜமா, கம்ப்யூட்டரில் போட்டதா என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "நான் எதையும் தொடறதில்லைங்க. எடுத்தது எடுத்தபடி" என்றார். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் அண்ணியும் தட்டினார். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில், "வாய் தவறி வந்துடுச்சுடா, மனசுல வெச்சுக்காத" என்றார். இதில் என்ன இருக்கிறது என்றேன். அதோடு அவர் மறந்துவிட்டார். ஒரு பத்திரிகைக்காரர் மறக்கவில்லை, எடுத்தது எடுத்தபடி என்பதையே தலைப்பாகப் போட்டுப் பேட்டி வெளியிட்டார். பிறகு எந்த மேடையில் ஏறினாலும் அண்ணன் அதைத்தான் சொன்னார், சொல்லிச் சொல்லி அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார். பேட்டியில் வந்த அவர் முகத்துக்கு வெளிச்சம் ஏற்றியதும் நான்தான்.

இப்போது மலைக்கு வருகிறேன்.

அண்ணன் கடைசியாகப் போன மலையூரின் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அண்ணன் விடுதியிலிருந்து தனியாக ஏறினார். கனமாக இருக்கிறதென்று ஒரு கேமராவையும் முக்காலியையும் அறையிலேயே வைத்துவிட்டார். எடுக்கும் படத்தின் சின்னப் பிரதியைக் கேமராவே போனுக்கு அனுப்பிவிடும், போனில் சிக்னல் வரும்போது அது என் கணினிக்கு வந்து சேரும். அன்றைக்குக் கடைசியாக வந்தது ஒரு பெரிய பாறையும் பள்ளத்தாக்கும் இருக்கிற படம். மறுநாள் காலை விடுதிக்காரர் போன் செய்து, ஆள் ராத்திரி வரவில்லை என்றார். அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தவர்தான், ஒன்பது நாளும் அங்கிருந்து அதிகம் எழவில்லை.

தேடுதல் குழுத் தலைவர் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினார். கடைசிப் படத்தில் என்ன நேரம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டார். இரண்டு நாற்பது என்றேன். அதில் ஒரு எழுத்து பொய் இல்லை, பதிவாகியிருந்தது அதுதான். அந்த ஊர்க் கணக்கில் அது மாலை ஐந்து பத்து. படம் எனக்கு வந்து சேர்ந்தது அவர்கள் நேரப்படி ஐந்து இருபதுக்கு. இரண்டு நாற்பதுக்குப் பாறையில் நின்றவர் ஐந்து இருபதுக்கும் மலையில்தான் இருக்கிறார் என்றால் திரும்பவில்லை, மேலே நடந்திருக்கிறார், கணவாயைத் தாண்டியிருப்பார் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நியாயமான கணக்குதான். ஹெலிகாப்டர் உட்பட எல்லாம் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனது. பாறையைக் கடந்துதான் ஆட்கள் போனார்கள், நின்று கீழே எட்டிப் பார்க்க அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை.

நேரத்தைக் கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான் என்று அண்ணியிடமும் சொல்லிப் பார்த்தேன். உங்களிடம் அது செல்லாது, மொழிபெயர்ப்பாளரிடம் நீங்கள் விசாரித்துவிட்டீர்கள். அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். கேமரா கடிகாரம் அந்த ஊர் நேரத்தில்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். ஆமாம், இறங்கியதுமே மாற்றிவிடுவார் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த ஆமாம் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என்ன செய்யும் என்று புரிந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே, பக்கத்தில் அண்ணி வேறு இருக்கிறாரே என்று வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்தேன், அப்போது ஒரு நாள் தாமதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு நாளுக்கு. ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் முடியாததாகிக்கொண்டே போனது சார். கட்டிப்போட்டவன் மாதிரி இருந்தேன். என்னைவிட அதிகமாகத் தவித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டுபிடித்தார்கள். பாறைக்கு நானூறு அடி கீழே கிடந்தார். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவசரத்தில் திரும்பியிருக்கிறார், கால் சறுக்கியிருக்கிறது. தொடை எலும்பு முறிந்திருந்தது, போன் நொறுங்கியிருந்தது. குறைந்தது மூன்று நாள் உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்தத் தாளை நீங்களும் வைத்திருக்கிறீர்கள்.

கேமராவையும் அதன் கார்டையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள். விழுந்த பிறகும் அறுபத்தொரு படம் எடுத்திருந்தார். பெரும்பாலும் வானம். அதில் நாலைந்தில் எதிர்மலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. பிளாஷை அதைப் பார்த்து அடித்திருக்கிறார், பகல் வெளிச்சத்தில் அது எங்கே தெரியும். நாற்பதாவது படத்துக்கும் நாற்பத்தொன்றாவதுக்கும் நடுவே நேரம் திடீரென்று இரண்டரை மணி தாவுகிறது. முதலில் கார்டில் கோளாறு என்று நினைத்தேன். பிறகு கேமராவைத் திருப்பிப் பார்த்தேன், நான் ஒட்டியிருந்த டேப் உரிந்திருந்தது. அவர் யோசித்திருக்கிறார் சார். அவர்கள் ஏன் அந்தப் பக்கமே தேடுகிறார்கள் என்று யோசித்து, கண்டுபிடித்து, அந்த நிலைமையிலும் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு சின்ன வீடியோ. குரல் அவ்வளவாக எழும்பவில்லை. "மணிக்கணக்குல குழம்பிட்டாங்கபோல. பரவால்ல. தம்பி சொல்லிடுவான். அவனுக்குத் தெரியும்."

அண்ணியிடம் கார்டில் ஒன்றுமில்லை என்றேன். ஆனால் அழிக்கவில்லை. ஒரிஜினலை நான் எந்தக் காலத்திலும் அழித்ததில்லை, தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. வழக்கம்போலத் தேதி போட்டு ஒரு கோப்புறையில் வைத்தேன். எட்டு மாதம் கழித்து அண்ணி அவருடைய கடைசிப் படத்தைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டிருக்கிறார். எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் அவரே கணினியில் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கடையில் பிரிண்ட் போட்டுவிட்டார்.

வந்து பார்க்கிறேன், என் மேசையில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று தேடுதல் குழுவுக்கு நான் அனுப்பியது. அதில் வெளிச்சம் வெள்ளையாக, பளிச்சென்று நடுமதியம் மாதிரி. மற்றது கடையிலிருந்து வந்தது. அதில் பாறை மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, கீழே பாதிப் படத்துக்கு ஒரு மனிதனின் நிழல் நீண்டு விழுந்திருக்கிறது, ஒரு கையை உயர்த்தி ஆட்டுகிறது. அண்ணி அந்த நிழலின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "இதை எப்ப வெட்டுனீங்க தம்பி? அவர் கிடைக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

முன்னாடிதான் என்றேன். அதன் பிறகுதான் அவர் உங்களிடம் வந்தார்.

ஆமாம் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஆமாம் என்று சொன்ன பிறகு அவர்கள் படத்தை அனுப்பச் சொன்னார்கள். நிழலின் நீளத்தைப் பார்த்தால் குழந்தைகூட மாலை என்று சொல்லிவிடும். அண்ணி கீழே போயிருந்தார். மஞ்சளைக் குறைத்து நீலத்தை ஏற்றினேன். கற்களின் நிழலை ஒவ்வொன்றாகக் குட்டையாக்கினேன். அண்ணன் நிழலை மட்டும் துடைக்கவில்லை, கீழ்ப்பகுதியோடு வெட்டிவிட்டேன். நாற்பது நிமிஷம் ஆனது. அண்ணி மேலே வந்து திரையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வெளிச்சம் பாருங்க தம்பி. அவருக்கு இன்னும் பொழுது இருந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான், அதைக் கொடுத்தது நான்.

அந்தப் படத்தை நூறு பிரதி அச்சடித்து மலையில் எல்லார் கையிலும் கொடுத்தார்கள். வழிகாட்டிகள், போலீஸ், பைலட், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று ஒன்பது நாள் உற்று உற்றுப் பார்த்தார்கள். இதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. எடுத்தது எடுத்தபடி என்றுதான் நம்பினார்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் சார்? இந்தத் தாளிலா? சரி. உங்கள் ஃபைலில் இருக்கும் அந்தப் படத்தையும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். அதன் மூலையிலும் போட்டுவிடுகிறேன், அது முழுக்க என் வேலைதான்.