ஒன்பது வயிற்றுவலி

“ஹலோ... ஆமா, ட்யூட்டி ஆபீஸ்தான். சவ்சன்தான் பேசுறேன்... யாரு?... இல்ஹாம் மேடமா... சொல்லுங்க மேடம்.”

பெயரைக் கேட்டதும் சவ்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேப்டன் ஷவ்கியின் மனைவி. போன வாரம் ஹுர்கதாவில் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் மணலில் போய்ப் புதைந்ததே ஒரு விமானம், அதை ஓட்டியவர் ஷவ்கி. உயிர்ச்சேதம் இல்லை, வயதான பயணி ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்று பதினோரு மணிக்கு விசாரணை. கெய்ரோ அலுவலகத்தில் எந்த விமானி எப்போது பறக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறவள் சவ்சன். இல்ஹாம் திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தாள்.

“கடிதமா?... என்ன கடிதம்?... அவர் கோட்டுப் பையில இருந்துச்சா... படிங்க... ம்... ம்... ஆமா...”

கம்பெனி அனுப்பிய கடிதம். இரண்டு வருஷத்தில் ஒன்பது முறை வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்தவர், மருத்துவக் குழுவிடம் அதை மறைத்து விமானம் ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. உறுதியானால் லைசென்ஸ் போய்விடும். அந்த ஒன்பது வயிற்றுவலியையும் தன் கையால் எழுதியவள் சவ்சன்.

“இல்ல மேடம், பயப்படாதீங்க... புற்றுநோயா? யார் சொன்னா?... நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா... அவர்கிட்ட கேக்கலையா?... கேக்கப் பயமா... சீரகத் தண்ணி போட்டுக் குடுக்குறீங்களா... காலையில ஃபூல் பயறுக் கூட்டையும் நிறுத்திட்டீங்களா, வெங்காயத்தையும்... வச்சதைச் சாப்பிட்டுப் பேசாம போயிடுறாரா... அழாதீங்க மேடம்.”

பேசாமல்தான் போவார். வாயைத் திறந்தால் சவ்சனின் பெயர் வந்துவிடுமே. அந்த அலுவலகத்தில் ‘அசதி’ என்று எழுதினால் வம்பு. மேனேஜர் ஃபிக்ரி ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டில் என்ன செய்தாய், ஏன் தூங்கவில்லை என்று குடைந்தெடுத்துவிடுவார். வயிறு என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பாவம், பிழைத்துப் போகட்டும் என்று சவ்சன்தான் இந்தக் குறுக்கு வழியைக் காட்டினாள். மகராசி, நீ நல்லா இருக்கணும் என்று விமானிகள் வாழ்த்தினார்கள். இவளும் மனம் குளிர்ந்துபோனாள். இரண்டு வருஷமாக விடுப்புப் பதிவேட்டில் அசதிக்கான கட்டம் காலி. எங்கள் ஆட்களுக்கு அசதியே கிடையாது பாருங்கள் என்று அதையே மேலே காட்டி, ஃபிக்ரி எல்லோருடைய ஓய்விலும் இரண்டு மணி நேரத்தை வெட்டினார். இவள் செய்த நல்ல காரியம் அவர் கையில் கத்தியானது.

இப்போது அவர் தேநீர் கிளாசோடு வாசலில் வந்து நின்றார். யார் கேட்டாலும் வயிறு வயிறுதான் என்று நேற்றே சொல்லி வைத்திருந்தார். யார் ஃபோனில் என்று புருவத்தை உயர்த்தினார்.

“மேடம்... மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. அவருக்கு வயித்துல ஒண்ணும் இல்ல... ஒண்ணுமே இல்ல. தூக்கம்தான் இல்ல. கண்ணைத் திறக்க முடியலன்னுதான் ஒன்பது தடவையும் கூப்பிட்டார். வயிறுன்னு எழுதினது நான்... சத்தியமா... என் பிள்ளைங்க மேல சத்தியமா.”

கன்னத்தில் அறைந்ததுபோல் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வந்தது சிரிப்பு. அழுகையும் சிரிப்புமாக இல்ஹாம் இறைவனுக்கு நன்றி சொன்னாள். பிறகு சவ்சனுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்து துவா கேட்டாள். சவ்சன் குறுகிப்போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“வேணாம் மேடம்... எனக்கு துவா கேக்காதீங்க. இன்னும் இருக்கு... அன்னைக்கும் கூப்பிட்டார்... ஹுர்கதாவுக்குப் போன அன்னைக்குத்தான். தொடர்ந்து ஆறாவது நாள், விடியக்காலை ட்யூட்டி. ‘சவ்சன், முடியலம்மா’ன்னார். ஒன்பது ஆயிடுச்சு கேப்டன், பத்தாவது எழுதினா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிடுவாங்க, இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடுங்கன்னு... நான்தான்க்கா அனுப்பினேன்.”

மேடம் எப்போது அக்காவானாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இல்ஹாமின் சிரிப்பு நின்று, கேள்வி வந்தது.

“...ஆமா... ஆமா... தெரியும்க்கா. விமானத்துல நூத்தி எழுபது பேர்... தெரியும்... ராத்திரி படுத்தா அந்த நம்பர்தான் வருது...”

ஃபிக்ரி கிளாசை மேசைமேல் வைத்துவிட்டு, ஃபோனைக் கீழே வை என்று கை காட்டினார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கை காட்டிய இடத்தில் எல்லாம் எழுதியவள் அவள்.

“...பதினோரு மணிக்கா... அங்க வந்தா... எல்லார் முன்னாடியுமா...”

சவ்சன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். வேலை போய்விடும். போனால் வேறு எந்த விமானக் கம்பெனியும் அவளைச் சேர்க்காது.

“வர்றேன்க்கா. வந்து சொல்றேன். வயிறுன்னு நான்தான் எழுதினேன்னு சொல்றேன். அன்னைக்கு வேணாம்னவரை நான்தான் பிடிச்சுத் தள்ளினேன்னும் சொல்றேன்... ஹலோ?... அக்கா?... ஹலோ?...”

இணைப்பு எப்போதோ துண்டாகியிருந்தது. வருகிறேன் என்றது இல்ஹாமின் காதில் விழுந்ததோ என்னவோ, ஃபிக்ரியின் காதில் ஒரு வார்த்தை விடாமல் விழுந்துவிட்டது.