பெரியகருப்பன் வீட்டு மாப்ள

இல்லண்ணே, தப்பான ஆளுகிட்ட வந்துட்டீகன்னு சொல்ல வரல. மில்லுல இத்தன பேரு இருக்கோம், கேட்டுல நிக்கிற வாச்மேன் உங்கள நேரா என்கிட்டயே அனுப்பிட்டானேன்னுதான் சொன்னேன். பெரியகருப்பனப் பத்தி விசாரிக்கணும்னா அரசப்பனக் கேளுங்க, அவருக்கு ஜோடி அவன்தான்னு சொல்லியிருப்பான். உண்மைதான். உக்காருங்க. சீனி கம்மியா? யக்கா, ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மி.

பெரியகருப்பன் வீட்டு மாப்ளயத்தான விசாரிக்க வந்திருக்கீக. சின்னவன், முத்துக்கிருஷ்ணன். காரைக்குடியில மோட்டாருக்குக் காயில் சுத்துற கடை வச்சிருக்கானே, அவன். கண்டரமாணிக்கத்துலருந்து பஸ்ஸேறி, மாப்ள வீட்டுக்குத் தெரியாம புதுவயலுக்கு வந்து, வேலை பாக்குற எடத்துல கேக்குறீக. பொண்ணு குடுக்குறவுக அப்படித்தான் செய்யணும். ஆனா வாரவுகள்லாம் கடையில என்ன வருது, குடிப்பானா, எடம் எம்புட்டுன்னுதான் கேப்பாக. நீங்க வந்ததும் வராததுமா கை நீட்டுவானான்னு கேட்டீக பாருங்க. அதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.

மூத்த மக சிந்து கையொடிஞ்சு வந்து வீட்டுல இருக்குன்னீகளே, முன்னங்கைதான ஒடிஞ்சிருக்கு? நெனச்சேன். மூஞ்சிக்கு வந்த அடியத் தடுத்திருக்கு. வெறுங்கையால அடிச்சா அப்படி ஒடியாது. எதையோ எடுத்திருக்கான் உங்க மருமகன். சரி, வேணாம், சொல்ல வேணாம். எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் அடிச்ச ஆளுதான். இத மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது.

இருங்க, எந்திரிக்காதீக. உங்க கேள்விக்குப் பதில் இருக்கு, நிச்சயமா இருக்கு. ஆனா பெரியகருப்பனச் சொல்லாம அந்தப் பையனச் சொல்ல முடியாது.

நானும் அவரும் இருவது வருசமா ஜோடி. நெல்லு மூட்டை எழுவத்தஞ்சு கிலோ. மூட்டை முனையக் காதுன்னுவோம்; அங்குட்டு ரெண்டு காது அவரு கையில, இங்குட்டு ரெண்டு காது எங் கையில. ஒரே மூச்சுல தூக்கி, சொமக்குறவன் தலையில வைக்கணும். ஒருத்தன் முந்துனா இன்னொருத்தன் இடுப்பு போயிரும். அதனால ஜோடி சேந்துட்டா மாத்த மாட்டாக. மூஞ்சிக்கும் மூஞ்சிக்கும் ரெண்டடி தூரம். அந்த ரெண்டடிக்குள்ள அந்த மனுசன் வாய மூட மாட்டாரு. ஒரு மூட்டைக்கு, எம்மகன் கோபிநாத்து கணக்குல நூத்துக்கு நூறு. அடுத்த மூட்டைக்கு, எம்மக தீபலட்சுமி பேச்சுப் போட்டியில கப்பு. லாரி நெறையிற வரைக்கும் இதுதான். காதப் பொத்தலாம்னா கையில மூட்டை இருக்கு.

அதோட விட்டாலும் பரவால்ல. அவரு மகனும் எம்மகனும் ஒரே வகுப்பு. எங்க பய எம்புட்டு எடுத்தான்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, ஒம் பய எம்புட்டுடா அரசப்பான்னு கேப்பாரு. சுத்தி நிக்கிறவன் பூராம் காதத் தீட்டிக்கிட்டு நிப்பான்.

சத்தியமாச் சொல்றேண்ணே, அந்த மூட்டைய அவரு நெஞ்சுல விட்டுரலாமான்னு எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவ தோணும் தெரியுமா? நான் கொஞ்சம் முந்திக் கைய விட்டாப் போதும். அவரு மல்லாக்க விழுவாரு, எழுவத்தஞ்சு கிலோவும் மேல விழுகும், விலா எலும்பு நொறுங்கும். நொறுங்குற சத்தம் வரைக்கும் நெனச்சுப் பாத்திருக்கேன். ஆனா மில்லுல முதலாளி இருக்காரு, போலீசு இருக்கு. என் வீட்டுல யாரு இருக்கா கேக்க? பொண்டாட்டி காமாலையில போனப்ப பயலுக்கு எட்டு வயசு. நானும் அவனும்தான்.

மில்லுல நெல்ல மேல ஏத்துற எலிவேட்டர் பெல்ட்டு பிஞ்சா வெட்டித் தூரப் போடுவாக. ரப்பரும் நூலும் சேந்து, வெரல் தண்டிக்கு இருக்கும். ஆளாளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டுப் போயி ஆட்டுக்கொட்டாய்க் கதவுக்குக் கீலாப் போடுவாக. நானும் ஒரு முழம் கொண்டுபோயி கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டுனேன்.

அங்குட்டு கோபிநாத்து நூறு வாங்குனா, இங்குட்டு எம்மகனுக்கு அடி. தீபலட்சுமி கப்பு வாங்குனா அதுக்கும் அடி. என்ன தப்புப் பண்ணோம்னே அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் வாசல்ல நான் செருப்பக் கழட்டுற சத்தத்துலயே, இன்னைக்கு பெரியகருப்பன் வீட்டுப் புள்ளைக என்னமோ வாங்கிருச்சுகன்னு வெளங்கிரும் அவனுக்கு. சட்டையக் கழட்டி மடிச்சு வச்சுருவான். கிழிஞ்சா வேற சட்டை இல்லைல. மொதல்ல கெண்டைக்கால்ல போட்டேன். பொறவு முதுகுல. பொறவு எங்க விழுகுதுன்னு பாக்குறதையே விட்டுட்டேன். அழுதா அழுறான்னு அடிப்பேன், அழலைன்னா திமிருன்னு அடிப்பேன். அடிச்சு முடிச்சுட்டு நானே சோறு போட்டுக் குடுப்பேன். தின்பான், தலைய நிமிர மாட்டான்.

என்னண்ணே அப்படிப் பாக்குறீக. மூத்த மருமகன் ஞாபகம் வருதா? பாருங்க, நல்லாப் பாருங்க. அவனும் உங்க முன்னாடி இப்படி மரியாதையா உக்காந்து டீ குடிச்சிருப்பான்.

பத்தாப்பு ரிசல்ட்டு வந்த அன்னைக்கு கோபிநாத்து நானூத்தி எம்பத்தொண்ணு. மில்லு பூராம் மிட்டாய் குடுத்தாரு பெரியகருப்பன். எனக்கு மட்டும் ரெண்டு. ஒண்ணு ஒம் பயலுக்குன்னாரு. எம் பய ரெண்டு பாடத்துல பெயிலு. பொழுது சாயுற வரைக்கும் பொறுக்கல, மதியச் சோத்துக்கு வீட்டுக்குப் போனேன். அன்னைக்கு அடிச்ச அடி காதுல விழுந்து ரத்தம் வந்துருச்சு. அன்னைக்குப் போனவன்தான். பதினோரு வருசமாச்சு, திரும்பி வரல.

அதுக்குப் பெறகு ஒரு மாசம் பெரியகருப்பன் வாயத் தொறக்கல. அப்பாடான்னு இருந்தேன். பொறவு ஆரம்பிச்சாரு பாருங்க, புதுசா. எஞ்சின்னவன் ஐடிஐயில சேந்துட்டான். எஞ்சின்னவன் கண்ண மூடிக்கிட்டு மோட்டாரக் கழட்டிப் பூட்டுவான். எஞ்சின்னவனுக்கு ஒரு பீடி சிகரெட்டு கெடையாது. மூட்டைக்கு மூட்டை எஞ்சின்னவன். ஆமா, நீங்க கேக்க வந்த முத்துக்கிருஷ்ணன்தான். நான் பல்லக் கடிச்சுக்கிட்டுத் தூக்குவேன்.

நாலு வருசம் பொறுத்தேன். ஒரு நாளு, எஞ்சின்னவன் மொதச் சம்பளத்துல எனக்கு வேட்டி எடுத்துக் குடுத்தான்டான்னாரு. எங் கையில கொக்கி இருந்துச்சு, மூட்டைய இழுக்குற கொக்கி. ஓங்கி அவரு தோளுல எறக்கிட்டேன். சதையில போயி எலும்புல முட்டுனது எங் கைக்குத் தெரிஞ்சுச்சு. இழுத்தேன், வரல. திருகி இழுத்தேன். ரத்தம் தெறிச்ச நெல்ல ரெண்டு கூடை அள்ளிக் கொட்டுனாக. இன்னொரு தடவ போட்டிருப்பேன், நாலு பேரு சேந்து அமுக்கிட்டாக. பதினோரு தையலு அவருக்கு.

ஒரு வேட்டிக்காடான்னு அன்னைக்கு மில்லே கேட்டுச்சு. ஆமா, ஒரு வேட்டிக்குத்தான்.

கேசா? கேசு இல்ல. கால் வழுக்கி கொக்கி மேல நானே விழுந்துட்டேன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டாரு. மூணு வாரங் கழிச்சு வந்தாரு, மூட்டையோட அங்குட்டுக் காதப் புடிச்சாரு, தூக்குடான்னாரு. தூக்குறப்பவே சொல்றாரு, எஞ்சின்னவன்தான்டா ஆஸ்பத்திரியில என் கூடவே இருந்தான்னு. இந்த ஆள என்ன செய்யச் சொல்றீக நீங்க?

ஆமா, சின்னவன் அவரு பெத்த புள்ள இல்ல. வளத்த புள்ள. அதைச் சொல்லிட்டாரா உங்ககிட்ட? நல்ல மனுசன்தான். பீத்தல் மட்டும்தான் தாங்காது.

தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லைன்னா சொன்னாக? யாரு, பெரியகருப்பனா? பையனா. பையனே சொன்னானா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, உங்க மொகத்தப் பாத்தே சொன்னானா.

சரி.

ஒண்ணுமில்ல, டீ சூடு. தகப்பன் எப்படிச் செத்தான்னு கேட்டீகளா அவன்கிட்ட? கேக்கலையா. அது போதும். நீங்க கேட்டதுக்கு வாரேன்.

ரிசல்ட்டு அன்னைக்கு காதுல ரத்தம் வந்துச்சுன்னேனே, அதோட நான் நிறுத்தல. திரும்ப ஓங்குனேன். ஓங்குன பெல்ட்ட அவன் புடிச்சுட்டான். பதினாறு வயசு, ஆனா தோளு என்னைய விட அகலம். ஒரே இழுப்புல பெல்ட்டு அவன் கைக்குப் போயிருச்சு. நான் கதவு மூலையில. ஓங்கிட்டாண்ணே. கை காதுக்கு மேல போயிருச்சு. நான் தலைய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு அப்படியே குந்திட்டேன். எட்டு வருசத்து அடி அவன் கையில இருந்துச்சு. நானா இருந்தா ஆளக் கொன்னுட்டுத்தான் போயிருப்பேன். வேற எவனா இருந்தாலும் ஒண்ணாச்சும் போட்டிருப்பான். வாங்கிக்கிற நெனப்புலதான் நானும் குந்தியிருந்தேன். வேணும்னுகூட இருந்துச்சு.

ஒண்ணும் விழுகல. கண்ணத் தொறந்து பாத்தா, பெல்ட்ட ஆணியில மாட்டிக்கிட்டு இருக்கான். மாட்டிட்டு, சட்டைய எடுத்துக் காதுல வச்சு அமுக்கிக்கிட்டு வெளிய போனான். அடுத்த தெரு பெரியகருப்பன் வீடு. நேரா அங்க போயிட்டான்.

அவன் கை ஓங்குனத இந்த ஒலகத்துல பாத்த ஆளு நான் ஒருத்தன்தான். எறக்குனதையும் நாந்தேன் பாத்தேன். நீட்ட மாட்டான். தைரியமாக் குடுங்க. எம்மகன்னு சொல்லல, உங்க புள்ள அக்ஷரா நல்லா இருக்கணும்னு சொல்றேன்.

ஆமாண்ணே. முத்துக்கிருஷ்ணன் எம்மகன். தெருவுல விசாரிச்சா எவனாச்சும் சொல்லத்தான் போறான், அதான் நானே சொல்லிட்டேன். அவன் பொய் சொல்லிட்டான்னு மட்டும் நெனச்சுராதீக. பத்திரிகையில தகப்பன் பேரு போடணும்ல, தெய்வத்திரு அரசப்பன்னே போடச் சொல்லுங்க. நான் மண்டபத்துப் பக்கம் வர மாட்டேன்.

லாரி வந்துருச்சு, பெரியகருப்பன் கூப்புடுறாரு. நீங்க அப்படியே பின்னாடி வழியாப் போயிருங்க, உங்களப் பாத்தா மறுபடியும் எஞ்சின்னவன்னு ஆரம்பிச்சுருவாரு. காசு நான் குடுத்துக்கிறேன்.

அண்ணே, ஒண்ணு. அவனுக்கு எடது காது கேக்காது, அதைச் சொன்னாகளா உங்களுக்கு? வலது பக்கமா நின்னு பேசச் சொல்லுங்க உங்க மகள. பொறவிக் கொறை இல்ல அது. பேரம்பேத்திகளுக்கு வராது.